மங்கையின் வளவுக்கு வந்த மறியலறை

பிழையாகச் சொல்லிப்போடுவேனோ என்று மங்கையற்கரசிக்கு எப்போதும் பயம். யாராவது வாசல் படலையில் நின்றபடி ஏதாவது கேட்டாலும், கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்த பிறகு கேட்டாலும், வாயைத் திறக்க முன்னம் அவள் கையைத்தான் பிசைவாள். "நான் ஆறாம் வகுப்போட நிண்டனான், முன்னுக்குப் பின் சொல்லிப்போடுவன், ஆரும் படிச்ச ஆளிட்டைக் கேளுங்கோவன்" என்பாள். இது பிறவிப் பயமில்லை. நீதிமன்றத்தில் அவளை ஒரு திரைக்குப் பின்னால் நிறுத்தி வைத்து, குலவீரசிங்கம் முதலாளி அன்றைக்கு என்ன நிறச் சாரம் கட்டியிருந்தார் என்று அவருடைய சட்டத்தரணி கேட்க, நீலம் என்று சொன்னவள், திரும்பக் கேட்கப் பச்சை என்று சொல்லி, பிறகும் கேட்க அழுதுவிட்டாள், அன்றைக்குப் பிடித்தது. ஆனால் சாரம்தான் நிறம் மாறியதே தவிர அலவாங்கு மாறவில்லை. மண் கிண்டுகிற அந்த இரும்பு அலவாங்கை ஓங்கிய கை முதலாளியின் கைதான் என்றும், அது இறங்கியது பக்கத்து வளவுப் புவனேந்திரியின் புருஷன் யோகலிங்கத்தின் தலையில்தான் என்றும் அவள் முதல் நாள் சொன்னபடியே கடைசி நாளும் சொன்னாள்.

நாவலோடை ஆற்றங்கரை ஊர். ஆற்றில் தண்ணீர் வற்றுகிற மாதங்களில் அக்கரையிலிருந்து முதலாளியின் டிப்பர்கள் இறங்கி மணலை அள்ளும். அள்ள அள்ள ஊர்க் கிணறுகள் உவர்த்துப்போக, ஒரு நாள் யோகலிங்கம் டிப்பருக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டான். முதலாளி அலவாங்கோடு இறங்கி வர, அவன் எழும்பி நின்றான். அந்த நேரம் ஆற்றில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கண்டார்கள். கண்டவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்து, ஏற்கெனவே அலசிய துணியைத் திரும்பவும் அலசினார்கள். சாட்சி சொல்லப் போனவள் மங்கை ஒருத்திதான். புருஷனோ பிள்ளையோ இல்லாமல், விடியப்புறம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவிக்கிறவள், நிழலைக் கண்டாலும் நெஞ்சில் கை வைக்கிறவள், அவள் ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது. திரைக்குப் பின்னால் நின்ற குரல் யாருடையது என்று முதலாளிக்கும் தெரியாது. ஊருக்குத் தெரியும். தோய்க்கப் போன பெண்களில் எவள் என்று அக்கரைக்காரர் வந்து நைசாகக் கேட்ட போதெல்லாம், அவர்களுக்குத் தேத்தண்ணீரும் பனங்கட்டியும் கொடுத்து, மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் கதைத்து அனுப்பிவிடும். அவ்வளவு வாயாடி ஊர் அந்த ஒரு விசயத்தில் மட்டும் வாயைப் பூட்டி வைத்திருந்தது.

முதலாளிக்கு மரண தண்டனை கிடைத்தது. ஒரு வருசப் பிறப்புக்கு ஜனாதிபதி அதை ஆயுள் தண்டனையாக்கினார். அப்போது ஊரில் யாரும் பெரிதாகக் குறைபடவில்லை. "தூக்கில போட்டு என்னத்தைக் கண்டம், உள்ளுக்குக் கிடக்கட்டும்" என்று புவனேந்திரியே சொன்னாள். பிறகு ஒரு தேசிய நாளில், தேங்காய் விலைக்கும் காலநிலைக்கும் இடையில், குலவீரசிங்கம் முதலாளிக்கு முழு மன்னிப்பு என்று வானொலி சொன்னது. மங்கை அப்போது முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். அக்கரையில் வெடி கொளுத்துகிற சத்தம் கேட்டது. பாற்சோறு கிண்டிப் போகிற வருகிற பஸ்களையெல்லாம் மறித்துக் கொடுத்தார்கள். முதலாளி புயலுக்குத் தகரம் கொடுத்தவர், வாசிகசாலை கட்டியவர், அவரைப் பிழையாகப் பிடித்து அடைத்துவிட்டார்கள் என்று ஒருவர் தொலைக்காட்சியில் அழுதார். முதலாளியின் தாய் மெலிந்து போய், மகனுடைய முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து விட்டதையும் காட்டினார்கள். அதைப் பார்த்த மங்கை, நானும் தாயாயிருந்தால் அப்படித்தானே துடைப்பேன் என்று நினைத்து, நினைத்ததற்காக அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நாவலோடையில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால் செத்த வீட்டுக்குச் செய்கிற மாதிரிச் செய்தார்கள். சீனியும் தேயிலையும் கடதாசிப் பையில் எடுத்துக்கொண்டு புவனேந்திரியின் வீட்டுக்கு வந்து பாயில் இருந்தார்கள். யோகலிங்கத்தின் படத்துக்குப் புது மாலை போட்டார்கள். இந்த முறை யாரும் சாகவில்லை, ஆனால் எல்லோரும் மெதுவாகத்தான் கதைத்தார்கள்.

அடுத்த நாள் காலை, மங்கையின் வளவில், கிணற்றுக்கும் தேசிமரத்துக்கும் இடையில், ஒரு மறியலறை நின்றது.

அது நேற்று அங்கே இல்லை என்பதைத் தவிர அதில் விசித்திரம் ஒன்றுமில்லை. சிறைச்சாலையில் இருக்கிற மாதிரியே கருங்கல் சுவர், கம்பி போட்ட சின்ன யன்னல், வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்த இரும்புக் கதவு. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே ஒரு பாய், ஒரு வாளி, ஒரு தகரக் கோப்பை, பாதி கரைந்த சவர்க்காரம். சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிய, ஒரு சின்னப் பிள்ளை கீறின படம்: ஒரு வீடு, ஒரு ஜம்பு மரம், மரத்துக்குக் கீழே கையை விரித்துக்கொண்டு ஒரு பெரிய ஆள். ஆளுக்கு மேலே அப்பா என்று எழுதியிருந்தது. மங்கை இடியப்ப உரலைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்துவிட்டு, கடைக்காரர் காத்திருப்பார்களே என்று திரும்பிப் போய் மிச்ச மாவையும் பிழிந்தாள். அவள் வருவதற்குள் பேட்டுக்கோழி ஒன்று உள்ளே போய் முட்டையிட்டிருந்தது.

அரசாங்கத்தின் ஊர் உத்தியோகத்தர், விதானையார், வந்து அளந்தார். "தங்கச்சி, பிரதேச சபையில அனுமதி எடுத்தனீரோ?" என்று கேட்டார்.

"நான் கட்டேல்லை ஐயா. அதுவா வந்தது."

"அதுவா வந்தாலும் கட்டடம் கட்டடம்தான். கிணத்துக்கு இவ்வளவு கிட்ட நிக்கேலாது."

"அப்ப அதிட்டைச் சொல்லுங்கோவன்" என்றாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த புவனேந்திரி.

விதானையார் சிறைச்சாலைக்குப் போன் எடுத்தார். அங்கே ஒரு அறை குறைகிறதுதான், இருந்த இடத்தில் புல்லும் முளைத்துவிட்டது, ஆனால் ஆளும் ஒன்று குறைந்தபடியால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எங்களுக்கு ஒரு கரைச்சலுமில்லை என்று பதில் வந்தது. அதோடு அரசாங்கத்தின் பக்கம் முடிந்தது.

ஆனால் பொழுதுபட, மறியலில் ஆட்களை எண்ணி அடைக்கிற நேரம், கதவு அடிக்கத் தொடங்கியது. காற்றில்லை, தேசிமரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. இரும்புக் கதவு தானாகத் திறந்து தானாக அறைந்தது, திறந்து திறந்து அறைந்தது. மாடுகள் பால் சுரக்கவில்லை, குழந்தைகள் வீரிட்டன, கோயில் ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுக் காதைப் பொத்தினார். கயிறு போட்டுக் கட்டினார்கள், கயிறு அறுந்தது. கல் அண்டை கொடுத்தார்கள், கல் தூளாகியது. கடைசியில் கள்ளுத் தவறணையிலிருந்து தள்ளாடி வந்த சின்னராசு, "ஏனடா ஊரே கூடி நிக்கிறியள், கலியாணமே?" என்று கேட்டபடி உள்ளே போய்ப் பாயில் விழுந்தான். விழுந்ததுதான் தாமதம், கதவு மெதுவாக, தொட்டில் பிள்ளை நித்திரையானதும் தாய் கையை எடுக்கிற மாதிரி மெதுவாகச் சாத்திக்கொண்டது. விடிய அது திறந்து, அவன் வெளியே வந்து, "நல்ல குளிர்மை" என்றான்.

அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. முதலாளியை விட்டுவிட்டார்கள், அவர் இருந்து முடிக்காத மிச்சத்தை விடவில்லை. அது யாராவது இருக்க வேண்டும் என்று வந்து நிற்கிறது.

கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கோயில் தலைவர் சோமாஸ்கந்தர் முந்தி பஸ் கொண்டக்டராக இருந்தவர். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத மனிசன். "திருவிழாவுக்கு என்ன செய்யிறம்? ஒரு குடும்பத்தால முழுச் செலவையும் தாங்கேலாது எண்டு உபயமாப் பிரிச்சு ஆளுக்கொரு நாள் செய்யிறமெல்லே? இதையும் உபயமாச் செய்வம். ஆளுக்கொரு நாள் இருப்பம்" என்றார்.

மங்கை பின்னால் தூணோடு நின்றாள். "அவன் இருக்க வேண்டிய இடத்தில நீங்கள் ஏன் இருக்க வேணும்?" என்றாள், ஒருவருக்கும் கேட்காத குரலில்.

பக்கத்தில் நின்ற புவனேந்திரிக்குக் கேட்டது. "அப்ப ஆர் அக்கா இருக்கிறது? அவனே வந்து இருக்கப்போறான்?" என்றாள். பிறகு உரத்து, "முதல் உபயம் என்ர" என்றாள்.

உள்ளே இருந்துவிட்டு வந்தவர்கள் ஒவ்வொருவரும் கொஞ்ச நாளைக்கு மெதுவாகக் கதைத்தார்கள். தமையன் தம்பி வேலிச் சண்டையில் கத்தி தூக்கியவன் வந்து வேலியைத் தானே தன் பக்கமாகத் தள்ளிப் போட்டான். புவனேந்திரி போகும்போது, "அந்தப் படத்தைக் கிழிச்சுப்போட்டுத்தான் வருவன்" என்று சொல்லிக்கொண்டு போனாள். காலையில் வெளியே வந்து கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு, மங்கையைப் பார்க்காமல் சொன்னாள்: "கிழிக்கேல்லை. அந்தப் பிள்ளை தகப்பன்ர கையில விரல் எல்லாத்தையும் வடிவா எண்ணிக் கீறியிருக்குது, அக்கா."

ஊர் அறையை ஏற்றுக்கொண்டுவிட்டது. பெண்கள் அதன் சுவரோரம் மிளகாய் காயப்போட்டார்கள். கருங்கல் சூட்டில் நன்றாகக் காய்ந்தது. உபயகாரர் வீட்டிலிருந்து பொழுதுபட அறைக்குச் சாப்பாடு போகும். ஒருவர் கத்தரிக்காய்க் குழம்பு கொடுத்தால் அடுத்தவர் அதோடு வடையும் சேர்ப்பார். பிறகு மேளம் வந்தது. உபயகாரருக்கு மாலை போட்டு, வேட்டி கட்டி, வீட்டிலிருந்து ஊர்வலமாகக் கூட்டிவந்து உள்ளே விட்டார்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள் எங்களுக்கும் ஒரு நாள் தாருங்கள், விமானத்தில் வந்து இருந்துவிட்டுப் போகிறோம் என்று கேட்டார்கள். வெளியூர்க்காரர் வான் பிடித்து வந்தார்கள். ஐஸ்கிறீம் வண்டி வந்தது, மணி அடித்தது.

மங்கைக்குத்தான் நிம்மதியில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: செத்தவன் வீடு அங்கே இருக்க, அறை ஏன் இங்கே வந்து நிற்கிறது? ஊர் ஒரே குரலில், "புவனத்தின்ர வளவில இடமில்லை, அதுதான்" என்று பதில் சொல்லியது. புவனேந்திரி தன் வளவில் இருந்த வெற்று நிலத்தில் அவசரம் அவசரமாக மரவள்ளி நட்டாள். ஆனாலும் யாராவது அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பித் தன்னைப் பார்க்கும்போதெல்லாம், திரை விலகுகிற சத்தம் மங்கைக்குக் கேட்டது. "கோதாரி விழுந்தது, ஏன்தான் என்ர வளவுக்கு வந்ததோ, போக மாட்டுதோ" என்று தேசிமரத்துக்குச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஒரு நாள் தெற்கிலிருந்து ஒரு சிங்கள அம்மா தனியாக வந்தாள். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு குடை. அவளுடைய மகளைக் கொன்றவனுக்கும் முன்னொரு முறை மன்னிப்புக் கிடைத்ததாம். பெரிய இடத்துப் பிள்ளையாம். அவள் அறையின் சுவரை நெடுநேரம் தடவிப் பார்த்தாள், கதவைத் தடவினாள், வாளியைக்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள். பிறகு மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "எங்கட வீட்டுக்கு ஒண்டும் வர இல்ல அக்கே. நான் வாசல் கூட்டி வச்சிட்டுப் பாத்துக்கொண்டே இருந்தது. ஒண்டும் வர இல்ல" என்றாள். மங்கை அவளுக்கு இடியப்பமும் சொதியும் கொடுத்தாள். அவள் சாப்பிடவில்லை, பொதி கட்டி எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்குப் பிறகு மங்கை அறையைத் திட்டுவதை விட்டுவிட்டாள்.

பிழை நடந்தது சோமாஸ்கந்தரின் உபயத்தன்று. உபயம் என்றால் ஒரு ஒழுங்கு இருக்கிறது: யாருடைய தயவில் காரியம் நடக்கிறதோ அவர்களுடைய பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி, என்ன செய்தார்கள் என்றும் சொல்லி, நன்றி சொல்ல வேண்டும். பந்தல் போட்டவர், பூக் கொடுத்தவர், வாழைக்குலை தந்தவர் என்று ஒருவரையும் விட்டுவிடக் கூடாது; விட்டால் பிறகு வருசக்கணக்காகக் கோபம். அன்றைக்குச் சோமாஸ்கந்தர் மாலையும் கழுத்துமாக ஒலிவாங்கியைப் பிடித்து, மேளகாரர், ஐயர், தண்ணீர்ப் பந்தல்காரர் எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்து, தன் குரலின் இனிமையில் தானே கிறங்கிப்போய்ச் சொன்னார்: "அடுத்து, இந்த இடத்தைத் தந்தவர். இடத்தை மட்டுமே தந்தவர்? திரைக்குப் பின்னால நிண்டு, ஒருத்தருக்கும் அஞ்சாமல், கண்டதைக் கண்டபடி சொன்ன எங்கள் வீரத் தாய், செல்வி மங்கையற்கரசி அவர்களுக்கு..."

மேளம் நின்றது. ஐஸ்கிறீம் வண்டியின் மணியும் நின்றது. சோமாஸ்கந்தர் ஒலிவாங்கியைப் பாம்பைப் போலத் தூக்கிப் பார்த்தார். காற்று ஆற்றுப் பக்கமாகத்தான் வீசிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி வாய் அக்கரையைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது.

"அட நாசமாப் போவானே!" என்று புவனேந்திரி கத்தினாள். "உமக்கு பஸ்ஸிலயும் வாய் மூடத் தெரியாது, இஞ்சையும் தெரியாது!"

சோமாஸ்கந்தர் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு மங்கையின் காலடியில் வந்து குந்தினார். "பிள்ளை, நன்றி சொல்லாமல் விட்டா நீர் குறை நினைப்பீர் எண்டு... நான் நினைக்கேல்லை பிள்ளை... என்ர வாய் அழுகிப் போகட்டும்."

"எழும்புங்கோ அண்ணை" என்றாள் மங்கை. அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு யாரும் அதுவரை ஒலிபெருக்கியில் நன்றி சொன்னதில்லை.

முதலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டிவந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றாமல், "முதலாளிக்கு உங்கட இடியப்பம் சாப்பிட ஆசையாம்" என்று சொல்லி ஒரு பொதி வாங்கிக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்து, வெயில் ஏறிய நேரம், முதலாளியே வந்தார்.

வெள்ளை வேட்டி, புதுச் செருப்பு. ஆள் மெலிந்து, நரைத்து, கழுத்துத் தோல் தொங்கிப் போயிருந்தார். வழியில் சிலர் முகத்தைத் திருப்பினார்கள், சிலர் பழக்கத்தில் சால்வையை இடுப்புக்கு இறக்கினார்கள். முதலாளி நேராக அறைக்குள் போனார். இப்போது சாத்தும், இப்போது அறைந்து சாத்தும் என்று எல்லோருடைய கண்ணும் கதவிலேயே இருந்தது. கதவு அசையவில்லை. வாளியைப் பார்த்து, பாயைப் பார்த்து, சுவரில் இருந்த படத்தை நகத்தால் மெல்லக் கிளப்பி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தார். அறைக்கு அவரைத் தெரியவில்லை. மன்னிப்பு என்றால் அவ்வளவு முழுமையான மன்னிப்பு.

அவர் தேசிமரத்தடிக்கு வந்தார். "நீங்கள்தானோ" என்றார்.

மங்கை கையைப் பிசைந்தாள்.

"பயப்படாதையுங்கோ. நான் சண்டைக்கு வரேல்லை. எனக்கு மன்னிப்புக் கிடைச்சிட்டுது. வாற தேர்தலில நிக்கப்போறன். ஆனா மன்னிப்புக் கிடைச்சவனுக்குச் சனம் வோட்டுப் போடாது, தங்கச்சி. பிழையாப் பிடிபட்டவன் எண்டால் போடும்." அவர் ஒரு தேசியிலையைக் கிள்ளி முகர்ந்தார். "வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரரைக் கூட்டிக்கொண்டு வாறன். உங்களுக்கு வடிவாத் தெரியேல்லை, வேற ஆரோ எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும். உங்களுக்குச் சொல்லுறது பிழைக்கிற வழமைதானே, ஒருத்தரும் குறை நினைக்க மாட்டினம்."

அவர் கிள்ளிய இலையையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விடியப்புறம் இருட்டோட தனிய அடுப்பு மூட்டுற ஆள்" என்றார் அவர், உண்மையான கவலை போல. "கவனம் வேணும்."

பொலிசுக்குப் போனாள். இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே அம்மா, நடந்தால் வாருங்கள் என்றார்கள். ஊர் ஆண்கள், இதையும் உபயமாகச் செய்கிறோம், ஆளுக்கொரு நாள் காவல் இருக்கிறோம் என்றார்கள். முதல் நாள் ஊரே வந்தது, அடுத்த நாள் பாதி வந்தது; அதற்குப் பிறகு வயல் விதைப்புத் தொடங்கிவிட்டது. அவளுடைய ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி பட்டணத்தில் இருந்தாள். வந்து நில்லுங்கோ என்றாள், எத்தனை நாளைக்கு என்றும் கேட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் புவனேந்திரி வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து, மங்கையின் குசினியில், மாத் தூசிக்குள் இருந்தாள். சிதறிக் கிடந்த மாவைக் கையால் கூட்டி ஒதுக்கினாள். பிறகு, "அக்கா, அவன் கேட்டதைச் சொல்லிப்போட்டு விடுங்கோ" என்றாள்.

"என்னடி சொல்லுறாய்?"

"நான்தானே சொல்லுறன். நான் சொன்னால் வேற ஆருக்குக் கதைக்க உரிமை இருக்கு? இவர் திரும்பி வரப்போறதில்லை. நீங்களும் போனால் இந்த வேலிக்கு அங்கால நான் ஆரைக் கூப்பிடுறது?" சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "காணேல்லை எண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தானே."

அவள் போன பிறகு மங்கை அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். உரலைப் பிழிந்துகொண்டு சொல்லிப் பார்த்தாள். மா அவிக்கிற நீத்துப்பெட்டியைக் கழுவிக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். 'நான் காணேல்லை' என்று தொடங்கினால் 'அலவாங்கு வெயிலில மினுங்கினதை' என்று முடிந்தது. 'வேற ஆரோ' என்று தொடங்கினால், 'ஆரும் ஓடி வந்து பிடிக்க முன்னம் யோகன் விழுந்திட்டான்' என்று வந்தது. அடுப்புக்கு முன்னால் இருந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று இத்தனை காலமும் பயந்த வாய், பிழையாகச் சொல் என்று உயிரைப் பிடித்துக் கேட்ட நேரத்தில் சரியாக மட்டும்தான் சொன்னது. அவளுக்கு அதில் பெருமை வரவில்லை. சாகப் போகிறேன் என்றுதான் நினைத்தாள். சாக அவளுக்குத் துளியும் விருப்பமில்லை.

பொழுது சாய முன்னம் அவள் இரும்பு ஒட்டுவேலை செய்கிற அன்ரனிடம் போனாள். அன்ரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டான்.

"எந்தத் தாழ்ப்பாள் அக்கா?"

"அறைத் தாழ்ப்பாள். வெளியில கிடக்கிறதை வெட்டி உள்ளுக்குப் போட ஏலுமே?"

"ஏலும். ஏனக்கா, மறியலறைக்கு ஆரும் உள்ளுக்குத் தாழ்ப்பாள் போடுவினமே?"

"நான் போடுவன்" என்றாள் மங்கை.

அவன் சிரிக்கப் பார்த்து, அவளுடைய முகத்தைக் கண்டு, பொருட்களைச் சைக்கிளில் கட்டினான். பொறி பறக்க வெட்டி, உட்பக்கம் வைத்து ஒட்டி, எண்ணெய் விட்டு, இழுத்துக் காட்டினான். உபயகாரர் வந்து பாயில் இருந்து அதை அதிசயமாகப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி கமராக்காரருடனும் பத்திரிகைக்காரருடனும் வந்தபோது மங்கையின் வளவு நிறைய ஊர்ச் சனம் நின்றது. சோமாஸ்கந்தர் வாயில் துவாயைக் கட்டிக்கொண்டு நின்றார். மங்கை குளித்து, தலையைப் பின்னி, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடும் ஒரு கையில் இடியப்ப உரலோடும் வீட்டிலிருந்து இறங்கி வந்தாள். எல்லோரும், வந்தவர்களுக்கு அவள் ஏதோ சாப்பாடு கொடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் கிணற்றடியைத் தாண்டி, அறைக்குள் போய், குடத்தை மூலையில் வைத்து, உரலை அதற்குப் பக்கத்தில் வைத்து, திரும்பிக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் ஆற்றங்கரை வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

அதற்குப் பிறகு யன்னல் கம்பிக்கு வந்து, சொன்னாள். கண்டதை முதலிலிருந்து சொன்னாள். தோய்த்த துணி யாருடையது என்றும், தண்ணீர் எதுவரைக்கும் நின்றது என்றும், அலவாங்கு எந்தக் கையில் இருந்தது என்றும் சொன்னாள். இடையில் ஒரு முறை முன்னுக்குப் பின் வந்துவிட்டது. நின்று, பொறுங்கோ, பிழைச்சுப்போச்சு என்று சொல்லி, திரும்பத் தொடங்கி ஒழுங்காகச் சொன்னாள். முதலாளி வந்து கதவைத் தள்ளிப் பார்த்தார். தோளால் தள்ளினார். கருங்கல்லும் இரும்பும், அரசாங்கம் அவருக்காகக் கட்டிய பலத்தோடு, அசையாமல் நின்றன.

அவர்கள் போன பிறகு புவனேந்திரி யன்னலடிக்கு வந்தாள். "அக்கா, எல்லாரும் போயிட்டினம். வெளியில வாங்கோ."

"அவன் எங்க?"

"அக்கரைக்குப் போயிட்டான்."

"அக்கரையிலதானே நிக்கிறான்" என்றாள் மங்கை. "குழைச்ச மாவும் தட்டும் யன்னலால தாடி. இஞ்ச இருந்தே பிழிஞ்சு தாறன், அவிச்சு நீ கடைக்குக் குடு."

அன்றைக்குப் பொழுதுபட உபயகாரர் மாலையோடு வந்து வெளியே நின்றார். கதவு அடிக்கவில்லை. அடுத்த நாளும் அடிக்கவில்லை. அதற்குத் தேவையான ஆள் கிடைத்துவிட்டது என்று ஊர் விளங்கிக்கொண்டு, மேளகாரரை அனுப்பிவிட்டு, விளங்கிக்கொண்டதற்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீடுகளுக்குப் போனது. மாரி வந்தது, ஆற்றில் தண்ணீர் ஏறியது, தேர்தலும் வந்து போனது. பிள்ளையாரின் தேருக்காவது ஒரு எட்டு வெளியே வந்து பாருங்கோ என்று சோமாஸ்கந்தர் யன்னலடியில் நின்று, ஒலிவாங்கி இல்லாமல், மன்றாடினார். வாறன் அண்ணை, இப்ப இல்லை என்றாள் அவள். அவர் போனதும் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். அது இறுக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னொரு முறை இழுத்து விட்டு, முதுகைக் கதவோடு சாய்த்துக்கொண்டு இருந்தாள்.